இறக்குமதிக் கூற்றும் வகுப்பு மரபுரிமையும்: ஜாவா, பைத்தான் மொழிகளை முன்வைத்து

முன்னுரை

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஒரு வகுப்பு மற்றொரு வகுப்பின் பண்புகளைப் பெறுதல் மரபுரிமை எனப்படும். தாய் வகுப்பின் கோப்பிலுள்ள இறக்குமதிக் கூற்றுகளும் சேய் வகுப்பை வந்தடையுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஜாவா

ஜாவாவில் இறக்குமதிக் கூற்று நீண்ட பெயரைச் சுருக்கி எழுதத் துணைபுரிவது. அது இடம்பெறும் கோப்புக்கு மட்டுமே உரியது. ஆதலின் மரபுரிமையாக வருவதில்லை. தாய் வகுப்பில் ‘லிஸ்ட்’ வகையைத் திருப்பித் தரும் செயற்கூறு இருப்பின், சேய் வகுப்பு அதனை இறக்குமதியின்றியே அழைக்கலாம். அச்செயற்கூறை மாற்றியெழுதுகையில் ‘லிஸ்ட்’ என்னும் சுருக்கப் பெயரைக் கையாண்டால், தானே இறக்குமதி செய்தல் வேண்டும்.

பைத்தான்

பைத்தானில் இறக்குமதி இயங்குநேரச் செயலாகும். முதன்முறை இறக்குமதியாகும் கோப்பு மேலிருந்து கீழாக இயங்குகிறது. வகுப்பு வரையறையை எட்டும் கணத்திலேயே அதன் தாய் வகுப்பு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். செயற்கூறின் உள்ளே வரும் பெயர்களோ, அதனை அழைக்கும்போதுதான் தேடப்படும். எனவே தாய், சேய்க் கோப்புகள் தம் தொடக்கத்திலேயே ஒன்றையொன்று இறக்குமதி செய்தால், தாய் வகுப்பு உருவாகும் முன்னரே சேய்க் கோப்பு அதனைத் தேடிப் பிழை நேரும். இறக்குமதி வரிசை மாறின் அதே நிரல் பிழையின்றி இயங்கவும் கூடும். பிழையைக் கண்டறிதல் கடினமாவது இதனாலேயே.

முடிவுரை

பண்புகள் வகுப்பின் வழியே மரபுரிமையாகின்றன. இறக்குமதிப் பெயர்கள் கோப்போடு நின்றுவிடுகின்றன. தாய் வகுப்பின் கோப்பு சேய் வகுப்பைச் சாராதவாறு அமைத்தலே இச்சிக்கலுக்கு நிலையான தீர்வாகும்.