உங்களுக்குத் தெரியுமா? சவுக்கேந்திய இளவரசி

தந்தையைச் சிறைவைத்த அமைச்சனைப் பழிதீர்க்க முகமூடியும் சவுக்குமாகக் குதிரையேறும் இந்திய இளவரசியாக, 1935-இல் வெளிவந்த 'ஹண்டர்வாலி' என்ற இந்திப் படத்தில் நடித்த நாடியா, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தவர்.

• மேரி ஆன் எவான்ஸ் என்பது இயற்பெயர்; தந்தை பிரித்தானியப் படைவீரர், தாய் கிரேக்கர்.

• இயக்குநர் ஹோமி வாடியா ஒரு பார்சி, அதாவது பாரசீகத்திலிருந்து குடிபெயர்ந்த ஜரதுஷ்டிர சமயத்தவரின் வழிவந்தவர்.

• 'டூப்' எனப்படும் மாற்று நடிகரை நாடாமல் சண்டைக்காட்சிகளில் தாமே நடித்த நாடியா, 'மிஸ் ஃபிரான்டியர் மெயில்' (1936) படத்தில் ஓடும் ரயிலின் கூரைமேல் எதிரிகளுடன் மோதினார். கதாநாயகனின் உதவிக்குக் காத்திராத பெண்ணைத் திரையில் நிறுத்தியது பெருஞ்சாதனை. எனினும், அந்த வீராங்கனை வெள்ளைத்தோலுடனும் பொன்னிறக் கூந்தலுடனும் தோன்றியதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

• 1943-இல் 'ஹண்டர்வாலி கி பேட்டி' என்ற தொடர்ச்சிப் படமும் வெளிவந்தது.