அப்பத்தாவின் ரப்பர் பேண்டு
தொடர் – 7

சென்ற வாரம் சிக்கல் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். வகுப்பறை மூலையில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். வீட்டிலும் தெருவிலும் கண்ணில் பட்ட கஷ்டம் எதுவானாலும் பிள்ளைகள் ஒரு சீட்டில் எழுதி அதில் போடலாம். அந்தப் பெட்டிக்குள் விழுந்த ஒரே ஒரு சீட்டின் கதை இந்த வாரம்.

சீட்டை எழுதியவள் ஏழாம் வகுப்பு மாணவி. ‘எங்கள் அப்பத்தா மாத்திரை சாப்பிட மறந்துவிடுகிறது. நேரத்துக்கு மணி அடிக்கும் பெட்டி செய்ய வேண்டும்.’

கஷ்டமும் அதற்கான விடையும் ஒரே சீட்டில் வந்துவிட்டன. பிள்ளைகளின் சீட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் வரும். விடையைக் கேட்டதும் பெரியவர்கள் நமக்கும் கை பரபரக்கும். கடிகாரம், பேட்டரி, ஒயர் என்று பட்டியல் போட உட்கார்ந்துவிடுவோம். அந்த இடத்தில் வாயைக் கட்டிக்கொள்வதுதான் ஆசிரியர் வேலையிலேயே கடினமானது.

“ஒரு வாரம் எதுவும் செய்ய வேணாம்மா. அப்பத்தா மாத்திரை எடுக்கிறப்ப பக்கத்துல உக்காந்து பாரு. பார்த்ததை மட்டும் எழுது. நீ நினைச்சதை எழுதாதே” என்றேன். முகம் சுருங்கிப் போனாள். ஆனாலும் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த திங்கட்கிழமை நோட்டு வந்தது. மூன்று வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

‘அப்பத்தா ஒரு நாளும் மறக்கவில்லை. ரெண்டு மாத்திரையும் சின்னதா வெள்ளையா இருக்கு. எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று தெரியாமல் என்னைக் கூப்பிடுது.’

‘ராத்திரி லைட் போடுவதில்லை. தம்பி முழித்துக்கொள்வான்.’

‘ராத்திரி அட்டைக்கு அப்பத்தா ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கு. அது அடிக்கடி அறுந்துவிடுது.’

மணி அடிக்கும் பெட்டியை அன்றைக்கே செய்து கொடுத்திருந்தால், மறக்காத ஒருவருக்கு நினைவூட்டிக்கொண்டு, தூங்குகிற குழந்தையையும் எழுப்பிவிட்டிருப்போம். மூன்றாவது வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பத்தா ஏற்கெனவே பாதி கண்டுபிடித்து வைத்திருந்தார்! இருட்டில் கண் செய்யாததை விரல் செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அறுந்துபோகாத ஒரு ரப்பர் பேண்டுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

முதலில் பழைய சேலைத் துணியில் இரண்டு பைகள் தைத்தாள். ஒன்றில் சூரியனும் இன்னொன்றில் நிலாவும் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தாள். பகலில் பார்க்க அழகாக இருந்தது; ராத்திரியில் பயன்படவில்லை. “ராத்திரிப் பையில ரெண்டு பொத்தான் தச்சு விடு ஆத்தா, தடவிப் பார்த்துக்கறேன்” என்று அப்பத்தாவே வழி சொன்னார். காலைக்கு ஒரு சட்டைப் பொத்தான், ராத்திரிக்கு இரண்டு என்றானது. நான்காம் நாள் வேறொரு கோளாறு. மாத்திரையை எடுத்தபின் அட்டை பை மாறிப் போய்விட்டது. மாத்திரை இல்லாத ஓரத்தில் துளை போட்டு, அட்டையை அதனதன் பையோடு நூலால் கட்டினாள். அதன்பிறகு மாறவில்லை.

இதே பாடத்தை உலகத்துக்குச் சொன்ன சிறுவன் ஒருவன் உண்டு. கென்யாவின் நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டி வாழும் மாசாய் இனக் குடும்பம் ஒன்றில் பிறந்த ரிச்சர்ட் டுரேரே. பூங்காவின் தென்பக்கம் வேலி கிடையாது. வரிக்குதிரைகளைத் தொடர்ந்து சிங்கங்கள் வெளியே வரும். வந்தால் மாடுகளை அடிக்கும். அங்கே தந்தையின் மாடுகளைக் காப்பது சிறுவர்களின் பொறுப்பு.

டுரேரே முதலில் நெருப்பு மூட்டிப் பார்த்தான். அந்த வெளிச்சத்தில் தொழுவத்துக்குள் இருந்த மாடுகள் சிங்கத்துக்கு இன்னும் நன்றாகவே தெரிந்தன. அடுத்து சோளக்கொல்லை பொம்மை போல ஒன்றை நிறுத்தினான். முதல் நாள் சிங்கங்கள் திரும்பிப் போயின. மறுநாள், அது அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து மாட்டை அடித்தன. ஓர் இரவு டார்ச்சோடு தொழுவத்தைச் சுற்றி நடந்தான். அன்றைக்குச் சிங்கம் வரவில்லை. நகரும் வெளிச்சத்துக்கு அவை அஞ்சுகின்றன என்பது அப்போதுதான் புரிந்தது.

அதன்பிறகு வந்ததுதான் கருவி. பழைய கார் பேட்டரி, அதற்கு மின்னேற்ற ஒரு சூரியத் தகடு, மோட்டார் சைக்கிளின் இண்டிகேட்டர் பெட்டி, உடைந்த டார்ச்சுகளின் பல்புகள். தொழுவத்தைச் சுற்றி வெளிப்புறம் பார்த்தபடி பல்புகள் மாறி மாறி மின்னும். தூரத்திலிருந்து பார்க்கும் சிங்கத்துக்கு யாரோ நடமாடுவது போலத் தோன்றும். அக்கம்பக்கத்து வீட்டார் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்டார்கள். 2013-இல் டெட் மேடையில் அவன் இதைச் சொன்னபோது வயது பதின்மூன்றைத் தாண்டவில்லை. இண்டிகேட்டர் பெட்டி எங்கும் கிடைக்கும். அசையாத பொம்மை தோற்ற இடத்தில் நின்று யோசிக்கும் மனம்தான் அரிது.

நம் திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரின் தொடக்கமும் ஒரு தெருக் காட்சிதான். இஸ்திரிக்காரர் ஒருவர் எரிந்து முடிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்தவள், அந்தக் கரி எங்கிருந்து வருகிறது, புகை யாருடைய மூச்சில் போகிறது என்று தேடத் தொடங்கினாள். சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியில் வந்து முடிந்தது அந்தத் தேடல். 2021-இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு அந்த வண்டி போனது. அதே ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அவள் பேசினாள்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்கிறேன். பிள்ளை ஒரு யோசனையோடு வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் கஷ்டம் யாருக்கு? ‘மக்களுக்கு’ என்று சொன்னால் விடாதீர்கள்; ஓர் ஆள் வேண்டும். எந்த இடத்தில், எந்த நேரத்தில் வருகிறது? இப்போது அவர் எப்படிச் சமாளிக்கிறார்? மூன்றாவது கேள்வியில்தான் புதையல் இருக்கிறது. அடுப்படியில், வயலில், பட்டறையில் நம் மனிதர்கள் கயிறும் கம்பியும் கந்தல் துணியுமாகச் செய்து வைத்திருக்கும் சமாளிப்புகள் ஒவ்வொன்றும் ஓர் அரைக் கண்டுபிடிப்பு. இப்படிப்பட்ட மக்கள் அறிவைத் தேடி, சொன்னவரின் பெயரோடு பதிந்து வைக்கத்தான் பேராசிரியர் அனில் குப்தா ‘ஹனி பீ’ வலையமைப்பைத் தொடங்கினார். அதன் தமிழ் இதழான ‘நம்வழி வேளாண்மை’ மதுரையிலிருந்து வந்தது.

உதவிக்கு வழிகளும் இருக்கின்றன. மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் யோசனை தேர்வானால், மாதிரி செய்ய மாணவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் அந்தப் பணம் கடையில் வாங்கிய ஆயத்த மாதிரியாக மாறி, பெரியவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை ஒப்பிக்கிற காட்சியைக் கண்காட்சிகளில் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கிறது. அந்தப் பிள்ளையிடமிருந்து நாம் பறித்தது பரிசை மட்டுமா? தானே தோற்று, தானே திருத்திக்கொள்ளும் வாய்ப்பையும் சேர்த்தல்லவா பறித்துவிட்டோம்!

என் மாணவி அந்தத் துணிப் பைகளோடு ஒரு கண்காட்சிக்குப் போனாள். சுற்றிலும் விளக்குகள் மின்னும் மாதிரிகள். நடுவர் ஒருவர் பைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல அறிவியல் எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார்.

அவள் பைகளை அவர் கையிலேயே வைத்தாள். “கண்ணை மூடிக்கிட்டு, ராத்திரி மாத்திரைய எடுங்க சார்” என்றாள்.

அவர் கண்ணை மூடினார். விரல் பொத்தான்களைத் தேடியது.

அடுத்த வாரம்: டுரேரே சிறுவயதில் தன் அம்மாவின் புது ரேடியோவைக் கழற்றிப் போட்டவன். பழுதான பொருள்களைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது பற்றிப் பேசுவோம்.

(தொடரும்)