காரணி தேடாமலே பிடிபட்ட பகா எண்

170141183460469231731687303715884105727. திரையில் ஒரே வரியில் அடங்கிவிடும் இந்த எண்ணுக்கு 39 இலக்கங்கள். 127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் 1-ஐக் கழித்தால் இது கிடைக்கும். இது ஒரு பகா எண். கையால் கணக்குப் போட்டே கண்டறியப்பட்ட பகா எண்களில் இதைவிடப் பெரியது இல்லை.

1876-இல் இதைக் கண்டவர் பிரெஞ்சுக் கணிதர் எடுவர்ட் லூக்காஸ். ஹனோய் கோபுரம் என்ற வட்டு விளையாட்டைப் பின்னாளில் உருவாக்கியவரும் அவர்தான். அந்த விளையாட்டில் 127 வட்டுகளை இடம் மாற்ற, மிகக் குறைந்தது இதே எண்ணிக்கையில் நகர்வுகள் வேண்டும்.

3, 5, 7 என்று வரிசையாக வகுத்துப் பார்க்கும் பள்ளிக்கூட வழி இங்கே எடுபடாது. வர்க்கமூலம் வரை போக வேண்டும். அந்த வர்க்கமூலத்துக்கே 20 இலக்கங்கள். நொடிக்கு நூறு கோடி ஒற்றை எண்களைச் சோதிக்கும் இயந்திரத்துக்கும் 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

லூக்காஸ் காரணியைத் தேடவே இல்லை. 3-இல் தொடங்கி, அதன் வர்க்கத்திலிருந்து 2-ஐக் கழித்தார். விடையைச் சோதனைக்குரிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் அதையே செய்தார். 127 என்ற சிறிய பகா எண்ணில் இதைப் பார்க்கலாம். அது 2-இன் 7-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 3, 7, 47 என்று வந்தபின் அடுத்தது 2207, மீதி 48. பிறகு 16. அதற்கடுத்து 254, மீதி பூச்சியம். ஐந்தே படிகள், அதாவது அடுக்கைவிட இரண்டு குறைவு. அந்தப் படியில் பூச்சியம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

நம் 39 இலக்க எண்ணுக்கு 125 படிகள். ஈரடிமானத்தில் எழுதினால் இது வெறும் 127 ஒன்றுகள்தான். அதனால் மீதி காணும் வேலையும் எளிது: 127 இடங்களைத் தாண்டி வழியும் பகுதியை முதல் இடத்திலிருந்து மீண்டும் கூட்டினால் போதும். லூக்காஸ் இதை 127-க்கு 127 கட்டங்கள் கொண்ட பலகையில் காய் நகர்த்தும் ஆட்டமாகவே அமைத்தார்.

1644-இல் மெர்சென் என்ற துறவி, 2-இன் எந்தெந்த அடுக்குகளில் 1-ஐக் கழித்தால் பகா எண் கிடைக்கும் என்று ஒரு பட்டியல் தந்திருந்தார். அதில் 127 சரி. 67 தவறு என்பதையும் லூக்காஸ்தான் காட்டினார், ஒரு காரணியைக்கூடக் காணாமல். அந்தக் காரணிகள் 1903-இல்தான் கிடைத்தன: 193707721, 761838257287. கண்டவர் அமெரிக்கர் ஃபிராங்க் கோல்.

3-இல் தொடங்கும் வழி, 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் அடுக்குகளுக்கே செல்லும். 1930-இல் கணிதர் லெஹ்மர் தொடக்கத்தை 4 ஆக்கி, எல்லா ஒற்றைப் பகா அடுக்குகளுக்கும் அதை விரித்தார். 2024-இல் கண்டறியப்பட்ட, 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணை உறுதிசெய்ததும் இந்தச் சோதனைதான்.

2-இன் அடுக்காக 2-ஐ வைத்து 1-ஐக் கழித்தால் 3, 3-ஐ வைத்தால் 7, 7-க்கு 127, 127-க்கு லூக்காஸின் எண். தொடக்கத்து 2-ஐயும் சேர்த்து ஐந்துமே பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தானா என்பது இன்னும் தெரியாது. லூக்காஸின் முறையில் சோதிக்கப் புகுந்தால், படிகளின் எண்ணிக்கையே 39 இலக்கம்.