கடையில் கூட்டம் இருக்கு, தவணைக்குப் பணம் இல்லையே!



நம் குழுக்களில் கடன் வாங்கி இட்லிக்கடை, டிபன் கடை நடத்தும் சகோதரிகள் பலர். "வியாபாரம் நல்லாத்தான் போகுது, ஆனா கையில ஒண்ணும் நிக்கலை" என்று அவர்கள் சொல்வதைக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம்.

இட்லிக்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா இரண்டு மாதம் தவணை கட்டவில்லை. காலையில் கடையில் ஆள் நிற்பதை ஊரே பார்க்கிறது. "பணத்தை வெச்சுக்கிட்டே கட்ட மாட்டேங்கிறா" என்று குழுவில் பேச்சு வந்தது. உண்மையைச் சொன்னால், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அக்கா கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பிறகுதான் ஊக்குநரும் நாங்களும் கடையிலேயே உட்கார்ந்து, ஒரு வாரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிப் பார்த்தோம்.

ஒரு நாள் விற்பனை ரூ.1,500. அரிசி, உளுந்து, பருப்பு, தேங்காய், காய், எண்ணெய் செலவு ரூ.900. மீதி ரூ.600 லாபம் என்பது அக்காவின் மனக்கணக்கு. அதில் வராமல் போனவை இவை:

கேஸ் (ரூ.1,800 சிலிண்டர் 12 நாள் வந்தது) – ரூ.150
பார்சல் இலை, பேப்பர், நூல் – ரூ.60
சந்தையிலிருந்து சாமான் ஏற்றிவர ஆட்டோ – ரூ.50
கிரைண்டர், விளக்கு கரண்ட் – ரூ.40
கடன் சொல்லிப் போனது – ரூ.80
வீட்டுக்குக் கல்லாவிலிருந்து எடுத்தது – ரூ.150

மொத்தம் ரூ.530. கையில் நிற்பது வெறும் 70 ரூபாய்! மாதம் 26 நாளைக்கு ரூ.1,820. தவணையோ ரூ.2,500. அக்கா யாரையும் ஏமாற்றவில்லை. பணம் எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை, அவ்வளவுதான்.

என்ன மாற்றினோம்?

1. மாவு: தினமும் மிஞ்சிய இட்லியை எண்ணி எழுதினோம். சந்தைக்கு மறுநாள்தான் அதிகம் மிஞ்சுகிறது என்று தெரிந்தது. அன்றைக்கு மட்டும் அரிசியைக் குறைத்து ஊறப்போட்டார். தேங்காய்ச் சட்னி சீக்கிரம் ஊசிப்போகும். ஒரேயடியாக அரைக்காமல் இரண்டு தடவையாக அரைத்தார். சாமான் செலவில் நாளுக்கு ரூ.40 மிச்சம்.

2. கடன்: பெயர், தேதி, தொகை எழுதி வைத்தார். பழைய பாக்கி கொடுக்காதவருக்குப் புதுக் கடன் இல்லை. நாளுக்கு ரூ.80 போனது ரூ.30 ஆனது.

3. கேஸ்: சிலிண்டர் மாட்டிய தேதியைச் சுவரில் எழுதினார். சீக்கிரம் தீர்ந்தால் அடுப்பைப் பாருங்கள், டியூபைப் பாருங்கள். செலவு குறையும் என்று வீட்டு சிலிண்டரைக் கடையில் வைக்காதீர்கள். அது சட்டப்படி தவறு. கடைக்கு வணிக சிலிண்டர்தான்.

4. கூலி: நாளுக்கு ரூ.150 தனக்குக் கூலி என்று அக்கா முடிவு செய்தார். பிள்ளை நோட்டு வாங்கினாலும், மருந்து வாங்கினாலும் அதற்குள்தான். வேண்டும்போதெல்லாம் கல்லாவில் கை வைப்பது நின்றது.

5. தவணை உண்டியல்: கடை சாத்தியதும் முதலில் ரூ.100 உண்டியலில். 26 நாளில் ரூ.2,600 சேர்ந்துவிடும். மேற்கொண்டு மிஞ்சியதைப் பழைய பாக்கிக்கு ஒதுக்கினார்.

நாலு மாதத்தில் நின்றுபோன இரண்டு தவணையும் கட்டி முடித்தார். இப்போது கூட்டத்துக்கும் நோட்டோடு வருகிறார்.

"எனக்கு எழுதத் தெரியாதே" என்கிறீர்களா? ராத்திரி நீங்கள் சொல்லச் சொல்ல, படிக்கும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். 5 ரூபாய் செலவானாலும் விடாதீங்க. ஒரே ஒரு வாரம் எழுதி, அடுத்த குழுக் கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே கூட்டிப் பார்ப்போம். இன்னொன்று: ஒரு உறுப்பினர் தவணை தவறினால், குறை சொல்வதற்கு முன்னால் அவர் கணக்கை ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம். நாங்களும் இதை அந்த அக்காவிடம்தான் கற்றுக்கொண்டோம்.