சபுராளி வீட்டுப் போன் செலவு: கணக்கை யாரிடமிருந்து தொடங்குவது?

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று நமது கடலோர ஊர்களில் சபர் போன ஆள் இல்லாத வீடு குறைவு. "வெளிநாட்டுக்குப் பேச எது ஹஜ்ரத் மலிவு?" என்ற கேள்வி பள்ளிவாசல் திண்ணையிலும் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் எல்லோரும் நிமிடத்துக்கு எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு என்றே கேட்கிறார்கள். வீட்டில் யார் கையில் என்ன போன் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெளிநாட்டு அழைப்பு நம் நாட்டில் 2002 மார்ச் வரை வி.எஸ்.என்.எல். என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்த ஏப்ரல் முதல் தேதி போட்டி வந்தது. இணையவழி அழைப்புக்கும் அதே நாளில்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு எஸ்.டி.டி. பூத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்: வாய் பேசும், கண் மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களிலேயே இருக்கும். அதனால்தான் ஊருக்கு வருபவரிடம் குரல் பதிந்த கேசட்டைக் கொடுத்தனுப்பினார்கள். இன்றைய வாய்ஸ் மெசேஜ் அந்தக் கேசட்டின் பேரப்பிள்ளைதான்.

இன்று இரு பக்கமும் ஸ்மார்ட்போனும் இணையமும் இருந்தால் செலவு அநேகமாக இல்லை. ஆனால் வளைகுடா என்பது ஒரே நாடல்ல. சவூதி அரேபியா 2017 செப்டம்பரில் இணைய அழைப்புகளுக்கு இருந்த தடையை நீக்கியது. அமீரகத்தில் வாட்ஸ்அப் எழுத்தும் வாய்ஸ் மெசேஜும் போகும், அழைப்பு போகாது. அங்கு உரிமம் பெற்ற செயலிகளில்தான் பேச வேண்டும். 2018 தொடக்கத்தில் போட்டிம், சீமீ செயலிகளுக்கான பேக்கேஜை எடிசலாத் அறிமுகப்படுத்தியபோது மொபைலுக்கு மாதம் 50 திர்ஹம், வீட்டு இணைப்புக்கு 100 திர்ஹம். இப்போதைய விலையைக் கம்பெனியின் செயலியிலேயே பார்க்கலாம். 50 திர்ஹம் என்றே வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 600 திர்ஹம், நம் பணத்தில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஒரே அறையில் ஆறு பேர், ஆளுக்கொரு பேக்கேஜ் என்றால் மாதம் 300 திர்ஹம். அதே அறையின் வீட்டு இணைப்புக்கு 100 திர்ஹத்தில் எடுத்தால் ஆளுக்கு 17 திர்ஹம்கூட ஆகாது. கூகுள் மீட்டும் ஜூமும் அங்கு அனுமதி பெற்ற செயலிகளே. மீட்டில் இருவர் பேசினால் 24 மணி நேரம் வரை இலவசம். மூன்று பேர் சேர்ந்தால் ஒரு மணி நேரம், ஜூமில் 40 நிமிடம். குடும்பப் பேச்சுக்கு அது தாராளம்.

"வி.பி.என். போட்டால் வாட்ஸ்அப்பே பேசலாமே, எல்லோரும் செய்கிறார்களே" என்று சொல்லும் தம்பிகள் உண்டு. வி.பி.என். வைத்திருப்பதே அங்கு குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. ஐ.பி. முகவரியை மறைத்து, சட்டம் தடுத்ததைச் செய்வதுதான் குற்றம். அதற்கு அமீரகச் சட்டத்தில் உள்ள அபராதம் 5 லட்சம் திர்ஹமிலிருந்து 20 லட்சம் திர்ஹம் வரை. மாதம் 1,500 திர்ஹம் சம்பளக்காரருக்குக் குறைந்தபட்ச அபராதமே 27 வருடச் சம்பளத்துக்கு மேல். விசா வாங்கிய அன்றே அந்த நாட்டின் சட்டத்துக்கு உடன்பட்டுத்தான் போயிருக்கிறோம் என்பது தனி விஷயம்.

இன்னொன்று, அறைக்கே வந்து விற்கப்படும் மிக மலிவான கார்டுகள். மகன் துபாயிலிருந்து பேசுகிறான், உம்மாவின் போனில் +91 என்று தொடங்கும் பத்து இலக்க உள்ளூர் எண் வருகிறது என்றால், அந்த அழைப்பு முறையான சர்வதேச வாசல் வழியாக வரவில்லை. எங்கோ ஒரு வாடகை அறையில் நூற்றுக்கணக்கான சிம்களைச் செருகிய 'சிம் பாக்ஸ்' பெட்டி அதை உள்ளூர் அழைப்பாக மாற்றி அனுப்புகிறது. இது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். மோசடிக்காரர்களும் அதே பெட்டியைத்தான் பயன்படுத்துகிறார்கள். "அறையில் ஒரு மெஷின் இருக்கும், கரண்ட் போகாமல் பார்த்துக்கொண்டால் மாதம் இவ்வளவு" என்று வேலையில்லாத பிள்ளைகளை யாராவது அழைத்தால் போகவிடாதீர்கள். போலீஸ் வரும்போது அந்த அறையில் இருப்பவன் அவன்தான். சந்தேகமான அழைப்புகளை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலுள்ள 'சக்ஷு' பகுதியில் புகார் செய்யலாம்.

இப்போது உம்மாவிடம் வருவோம். அவர் கையில் இருப்பது பட்டன் போன். செயலி, வைஃபை எதுவும் அதில் இல்லை. எல்லோரும் இலவச அழைப்புக்கு மாறிய பிறகு அந்தப் போன் அடிப்பது நின்றுவிடுகிறது. மகன் மனைவியின் போனுக்குப் பேசுகிறான். கடைசி இரண்டு நிமிடம் "உம்மாட்ட கொடு" என்கிறான். மருமகள் பக்கத்தில் நிற்க, பேரப்பிள்ளை போனைப் பிடுங்க, ஸ்பீக்கரில் உம்மா என்ன சொல்வார்? "நல்லாருக்கேன் வாப்பா, நீ சாப்பிட்டியா?" முட்டுவலி மாத்திரை தீர்ந்துபோனதையோ, கைச்செலவுக்குப் பணம் போதாததையோ அந்த இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாது. மருமகள் நல்லவராகவே இருக்கலாம். தாய் மகனிடம் தனியாகச் சொல்லும் பேச்சு என்று ஒன்று இருக்கிறது.

ஆகவே சபுராளி தன் பேக்கேஜைத் தேர்வு செய்யும்போது, உம்மாவின் எண்ணுக்கு நேராகப் பேச இந்தியாவுக்கான இண்டர்நேஷனல் நிமிடங்களும் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கிருந்து வரும் அழைப்புக்கு ஊரில் இருப்பவருக்குக் கட்டணமில்லை. அதனால் அழைக்க வேண்டியது அவன்தான். வாரத்துக்கு இரண்டு முறை, பதினைந்து நிமிடம் என்றாலும் மாதத்துக்கு இரண்டு மணி நேரம் சொச்சம்தான். நேரத்தையும் குறித்துவிடுங்கள். ஊரில் இரவு எட்டரை என்றால் துபாயில் ஏழு, ரியாத்தில் ஆறு. நேரம் தெரிந்தால் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். நேரம் கெட்ட நேரத்தில் மணி அடித்தால் வயதானவர்களின் மனம் முதலில் மவ்த்துச் செய்தியைத்தான் நினைக்கும்.

ஊரிலிருந்து அங்கு அழைக்கும் வழியையும் அடைத்துவிடக் கூடாது. பேக் போடாத ஐ.எஸ்.டி. அழைப்பு விலை அதிகம், தினமும் பேச அது வேண்டாம். பிரீபெய்ட் சிம்களில் அந்த வசதியைப் பல நேரம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். வீட்டில் ஒரு சிம்மிலாவது அதைத் திறந்து, கொஞ்சம் பேலன்ஸ் வைத்து, மகனின் எண்ணை +971 அல்லது +966 சேர்த்துப் பதிந்து வையுங்கள். அறிமுகமில்லாத வேறு நாட்டு எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தால் அந்தச் சிம்மிலிருந்து திருப்பி அடிக்க வேண்டாம், பேலன்ஸ் போய்விடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது அதிரை, முத்துப்பேட்டை பக்கம் மின்சாரமும் டவர்களும் நாட்கணக்கில் முடங்கின. வளைகுடாவில் இருந்தவர்கள் வீட்டார் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள். வீட்டில் எல்லா சிம்மும் ஒரே கம்பெனியுடையதாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அப்படி இருந்தால் ஒன்றையாவது வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம். எண் மாறாமலே மாற்றலாம். சார்ஜ் பல நாள் நிற்கும் அந்தப் பட்டன் போனையும் பழசாகிவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.