செம்பு மண்ணில் தப்பிய புல்

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை, பிரான்சின் முந்திரிகைத் தோட்டங்களில் 1885 அளவில் பழக்கத்துக்கு வந்த மருந்து. இலையில் பங்கசைக் கொல்லும் அதே செம்பு, மழையில் கழுவுண்டு மேல்மண்ணில் சேர்ந்தால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடும். இலங்கையின் தேயிலைக்கு 1946இல் கொப்புள நோய் வந்தபின் செம்பு மருந்து தெளிக்கப்பட்ட காணிகளும் உண்டு. பிறர் பயிரிட்ட காணியைக் குத்தகைக்கு எடுப்பவர்கள், அங்கே முன்பு என்ன தெளித்தார்கள் என்று கேட்டறிவது நல்லது.

செம்பு பயிருக்கு வேண்டியதுதான். ஆனால் மிகச் சிறிதளவே. மிஞ்சினால் முதலில் அடிபடுவது வேர். வேர்க் கலங்களின் மென்சவ்வு பழுதடைந்து, உள்ளேயுள்ள பொற்றாசியம் வெளியே கசியும். வேர் நீளாமல் கட்டையாகிக் கபில நிறமாகும். இலை மஞ்சளாகும். பசளை போதாதென்று எண்ணி யூரியா போட்டால் பணம்தான் வீண்.

இத்தகைய மண்ணிலும் வளரும் புல் உண்டு. பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் பாரிஸ் மலை என்றொரு பழைய செம்புச் சுரங்கம் இருக்கிறது (பிரான்சின் தலைநகரோடு அதற்குத் தொடர்பில்லை). செம்புச் சுரங்கக் கழிவில் சாதாரண புல் விதையைத் தூவினால் ஆயிரத்தில் ஒன்றிரண்டே தப்பும். அவை செம்புக்குப் பழகிக்கொண்டவை அல்ல. தாங்கும் குணம் அந்த விதைகளிலேயே இருந்தது. தப்பியவை தம்முள் கலந்து விதை போட, சில தலைமுறைகளில் செம்பைத் தாங்கும் புல் பெருகியது. பேராசிரியர் அன்தனி பிராட்ஷோவும் அவருடன் உழைத்தோரும் இதை ஆராய்ந்தனர். சுரங்கக் கழிவு நிலங்களை மூடுவதற்கு 'பாரிஸ்' என்ற பெயரிலேயே ஒரு புல் விதையும் விற்பனைக்கு வந்தது.

அத்தகைய செடிகள் செம்பின் பெரும்பகுதியை வேரோடு நிறுத்திவிடுகின்றன. சிறிது கலச்சுவரில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே புகுந்ததைக் கந்தகம் கொண்ட சிறு புரதங்கள் பிடித்து வைக்கும். மென்சவ்வும் எளிதில் பழுதடைவதில்லை.

எமது மிளகாயும் தக்காளியும் அப்படித் தெரிந்தெடுக்கப்பட்டவை அல்ல. ஆகவே குத்தகைப் பணம் கொடுக்குமுன் ஒரு சட்டியில் அக்காணி மண்ணும், மற்றதில் நன்கு விளையும் மண்ணும் இட்டுப் பயறு விதையுங்கள். பத்து நாளில் பிடுங்கி, வேரைக் கழுவி ஒப்பிடுங்கள். வேர் கட்டையாவதற்கு மண்ணின் புளிப்பும் காரணமாகலாம். புளிப்பு மண்ணில்தான் செம்பும் அதிகம் கரையும். ஆகவே அங்கே சுண்ணாம்பு அல்லது டொலமைற்று இரண்டுக்கும் உதவும். கூட்டெருவும் செம்பைப் பிடித்து வைக்கும். அவற்றைக் கலந்து மறுபடி ஒரு சட்டியில் விதைத்துப் பாருங்கள்.