கையில் ஒரு கணினி – 14: கார்டின் மேல் இருக்கும் சின்ன எழுத்து

போனின் உள் நினைவகம் ஏன் நிரம்புகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். ‘ஒரு மெமரி கார்டு வாங்கிப் போட்டால் தீர்ந்தது’ என்று கிளம்புவதற்கு முன், போனில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐபோன் வைத்திருக்கும் மாணவருக்கு இந்தக் கட்டுரை தேவையே இல்லை; அதில் கார்டு செருகும் வசதி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சாம்சங்கும் 2021இல் எஸ்21 வரிசையிலிருந்து அதை எடுத்துவிட்டது. கார்டுக்கு இன்னும் இடம் தருபவை பெரும்பாலும் விலை குறைந்த போன்கள்தாம். அவற்றிலும் பலவற்றில் இரண்டாவது சிம்மும் கார்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். சொந்த ஊர் எண்ணையும் சென்னை எண்ணையும் ஒன்றாக வைத்திருக்கும் தொழிலாளிக்கு இது நிஜமான சங்கடம்.

கார்டில் பெரிதாக அச்சிட்டிருப்பது கொள்ளளவு. நான் பார்க்கச் சொல்வது அதன் பக்கத்திலுள்ள சின்ன எழுத்தை. வட்டத்துக்குள் 10 என்றால் நொடிக்குக் குறைந்தது 10 எம்.பி. எழுதும், யு3, வி30 என்றால் 30 எம்.பி. அட்டைப்பெட்டியில் ‘100 எம்.பி. வேகம்’ என்று பீற்றிக்கொள்வது பெரும்பாலும் படிக்கும் வேகம், எழுதும் வேகமல்ல. போனில் எடுக்கும் சாதாரண 4கே வீடியோவுக்கு நொடிக்கு ஆறேழு எம்.பி. போதும். ஆகவே வி30க்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. செயலிகளையும் கார்டில் வைப்பதானால் ஏ1 குறி வேண்டும். சின்னச் சின்னத் துண்டுகளாக நொடிக்கு 1,500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் அது உறுதி தருகிறது.

32 ஜி.பி. வரையிலான கார்டுகளில் ஒரே கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. நீளமான கல்யாண வீடியோவைக் கணினியிலிருந்து ஏற்றும்போது, இடம் இருந்தும் ‘கோப்பு மிகப் பெரிது’ என்று வருவது இதனால்தான். 64 ஜி.பி.யில் தொடங்கும் கார்டுகளின் அமைப்பு வேறு. அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. 128 ஜி.பி. கார்டு விண்டோஸில் 119 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகவும் கணினி 1,024ஆகவும் எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது.

உண்மையான மோசடி வேறு. சில நூறு ரூபாய்க்கு ‘1 டி.பி.’ என்று விற்கும் கார்டுக்குள் 8 ஜி.பி. சில்லுதான் இருக்கும், கட்டுப்படுத்தி மட்டும் போனிடம் பொய்க்கணக்குச் சொல்லும். நிரம்பியதும் புதியது பழையதின் மேல் எழுதப்படும். படத்தின் பெயர் பட்டியலில் இருக்கும், படம் திறக்காது. வாங்கிய அன்றே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்துவிடும். நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, கார்டை உள் நினைவகத்தோடு இணைக்கும் வசதியைத் தந்தது. இணைத்தால் கார்டு பூட்டப்பட்டு அந்தப் போனுக்கே உரியதாகிவிடும். போன் உடைந்தால் கார்டை எடுத்து வேறு போனில் படிக்க முடியாது. நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாட்டும் படமும் வெளியே எடுத்துப் போகும்படி தனியாகவே இருக்கட்டும், படங்களுக்கு இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும்.

வாசல் கேமராவுக்குப் போனின் பழைய கார்டைச் செருகுபவர்கள் உண்டு. இரவு பகலாக அழித்து எழுதுவதில் சாதாரணக் கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். ‘எண்டூரன்ஸ்’ என்று அச்சிட்டதை அதற்கென்றே வாங்குங்கள். தவறுதலாக அழித்த படங்களை மீட்பது எப்படி என்பது அடுத்த வாரம்.